ஆடுகளத்தின் இசை: முரசு முதல் ஒலிபெருக்கி வரை

இன்று எந்த நாட்டின் விளையாட்டரங்குக்குள் நுழைந்தாலும், கண்ணுக்கு ஆட்டம் தென்படுமுன் காதுக்குப் பாட்டு வந்து சேர்ந்துவிடுகிறது. சிகாகோவாயினும் மிலானாயினும் மும்பையாயினும் ஒலிப்பவை பெரும்பாலும் ஒரே பாடல்கள். அவற்றிலும் முழுப் பாடல் அன்று, பத்துப் பதினைந்து விநாடித் துண்டுகள். பந்து களத்தை விட்டு வெளியேறினால் ஒரு துண்டு. ஆட்டக்காரர் ஒருவர் உள்ளே வந்தால் மற்றொரு துண்டு. வென்றால் ஒரு பாட்டு. எதிரணியார் தோற்றால் அவர்களை வழியனுப்ப வேறொரு பாட்டு. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பாடல்கள் என்று அரங்குக்குச் செல்வோரே சலித்துக்கொள்கின்றனர். எனினும் அடுத்த ஆட்டத்திலும் அவையே ஒலிக்கின்றன.

ஆடுகளத்தில் இசைக்கு என்ன வேலை? அதை யார் கொண்டுவந்தார்கள்? மக்கள் தாமே பாடிய இடத்தில் எந்திரம் பாடத் தொடங்கியது எப்போது? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், நாம் எதிர்பாராத ஊர்களுக்கெல்லாம் வரலாறு நம்மை அழைத்துச் செல்கிறது.

பழங்கால அரங்குகள்

வட ஆப்பிரிக்காவில், லிபியா நாட்டின் ஸ்லீத்தன் என்னும் கடற்கரை ஊருக்கு அருகே, ரோமர் காலத்து மாளிகை ஒன்றின் தரையில் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்ட ஓவியம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. வாள்வீரர்கள் ஒருவரோடொருவர் பொருதும் அரங்கக் காட்சி அது. அவர்களுக்கு அருகிலேயே ஓர் இசைக்குழு இருக்கின்றது. ஒருவர் நீண்ட எக்காளம் ஊதுகிறார். சிலர் வளைந்த கொம்புகளைத் தாங்கியுள்ளனர். நடுவே ஒரு பெண்மணி நீரழுத்தத்தால் இயங்கும் ஆர்கன் வாசிக்கிறார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் டெசிபியஸ் என்னும் அறிஞர் வடித்த கருவி அது. மனிதர் உயிருக்குப் போராடும் வேளையிலும் பின்னணி இசை வேண்டும் என்று ரோமர் கருதினர் போலும்!

ரோமுக்குப் பின் கான்ஸ்டான்டினோபிள் தலைநகராயிற்று. அந்நகரின் தேர்ப்பந்தயத் திடல் இருந்த இடம், இன்றைய இஸ்தான்புல்லில் சுல்தான் அஹ்மது பள்ளிவாசலை அடுத்துள்ள சதுக்கமாகும். அங்கே பார்வையாளர் நீலர், பச்சையர் என இரு பெரும் கட்சிகளாகப் பிரிந்திருந்தனர். பேரரசரை வாழ்த்தும் முழக்கங்களை இக்கட்சியினர் ஆர்கன் ஒலிக்கிடையே எழுப்புவது அரசவை மரபாயிருந்தது. கி.பி. 757இல் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் பிராங்கியர் மன்னர் பெப்பினுக்கு ஆர்கன் ஒன்றைப் பரிசாக அனுப்பியதை வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். ஐரோப்பாவில் பிற்காலத்தே தேவாலயத்தோடு ஒன்றிவிட்ட அந்தக் கருவி, அதற்கு முன்னரே விளையாட்டுத் திடலில் பழகிய கருவி என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

திடலின் முழக்கம் எத்துணை வலிமை வாய்ந்தது என்பதையும் அந்நகரமே காட்டியது. கி.பி. 532இல், பேரரசர் ஜஸ்டினியன் மீது சினங்கொண்ட நீலரும் பச்சையரும் தம் பகையை மறந்து ஒன்றாயினர். தேரோட்டிகளை ஊக்குவிக்க அவர்கள் எழுப்பி வந்த 'நீக்கா' (வெல்க) என்னும் ஒற்றைச் சொல்லே கலகத்தின் போர்க்குரலாக மாறிற்று. நகரின் பெரும்பகுதி எரிந்தது. இறுதியில் படைகள் திடலுக்குள் புகுந்து ஏறத்தாழ 30,000 பேரைக் கொன்றன என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதுகிறார். அரங்கில் கூடிய மக்களின் குரலை ஆள்வோர் அஞ்சியதற்கும், அதனைத் தம் கைக்குள் வைத்திருக்க விரும்பியதற்கும் காரணம் இதிலிருந்தே விளங்கும்.

துருக்கியர் தந்த முரசு

நவீன விளையாட்டரங்கின் இசைக்கு மற்றொரு மூலமும் உண்டு. உதுமானியப் பேரரசின் படைகளோடு 'மெஹ்தர்' என்னும் இசையணி சென்றது. இருபுறமும் அடிக்கப்படும் 'தாவுல்' என்னும் பெருமுரசு, நம் நாகசுரத்துக்கு உறவான 'சூர்னா', எக்காளம், ஜால்ரா ஆகியவை அதன் கருவிகள். தம் வீரருக்கு ஊக்கமும் எதிரிக்கு அச்சமும் ஊட்டுவதே அதன் நோக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக இவ்விசையணியைப் பார்த்துத் தம் படைகளிலும் பெருமுரசையும் ஜால்ராவையும் சேர்த்துக்கொண்டன. 'துருக்கிய இசை' என்பது அந்நாளில் ஐரோப்பிய நகரங்களில் ஒரு மோகமாகவே பரவியது. மொஸார்ட் போன்ற மேதைகளும் அதற்கு ஆட்பட்டனர். 1826இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூது ஜானிஸாரிப் படையைக் கலைத்தபோது மெஹ்தரும் கலைந்தது. ஆனால் அதன் முரசு ஐரோப்பாவில் நிலைத்துவிட்டது.

அங்கிருந்து அது அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை அடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்குள்ள மாணவர் இசையணிகள் கால்பந்துக் களங்களில் அணிவகுத்து, எழுத்து வடிவங்களில் நின்று இசைத்தன. வெற்றுத் திடலில் பெருமுரசு அதிர்ந்தால் நெஞ்சும் உடன் அதிரும் என்னும் உண்மையைக் கண்டறிந்தவர் மெஹ்தர் இசைஞர். அதைக் கட்டணச் சீட்டோடு இணைத்தவர் பிற்காலத்தவர்.

ஆர்கன் மீண்டும் வருகிறது

1929இல் சிகாகோ நகரில் கட்டப்பட்ட உள்ளரங்கில், ஆறு விசைப்பலகை வரிசைகள் கொண்ட மாபெரும் ஆர்கன் ஒன்றை நிறுவினர். ஐஸ் ஹாக்கி ஆட்டங்களிலும் குத்துச்சண்டைகளிலும் அது முழங்கிற்று. பேஸ்பால் திடலுக்கு ஆர்கன் வந்ததும் அதே நகரில்தான். 1941 ஏப்ரல் 26 அன்று ரிக்லி திடலில் ரே நெல்சன் என்பவர் அதனை வாசித்தார். ஆனால் வானொலி ஒலிபரப்புத் தொடங்குமுன் அவர் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் வாசித்த பாடல்களின் உரிமையை வைத்திருந்த சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் இடையே அப்போது பெரும் பூசல் நிலவியதே காரணம். ஆடுகளத்தில் இசை புகுந்த நாளிலேயே, பாட்டு யாருடையது என்ற வினாவும் உடன் புகுந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கிளாடிஸ் கூடிங் என்ற பெண்மணி எப்பெட்ஸ் திடலின் நிலையான ஆர்கன் கலைஞரானார். 1957இல் அவ்வணி அவ்வூரை விட்டுப் பிரிந்து செல்லும்வரை அவர் வாசித்தார். இறுதி ஆட்டத்தன்று பிரிவுத் துயரைச் சொல்லும் பாடல்களாகவே தேர்ந்தெடுத்து வாசித்தார் என்பர். அந்தக் காலத்து இசையில் ஒரு மனிதரின் மனம் இருந்தது. ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து, அந்தந்த நொடிக்கு ஏற்ப அவர் பதில் சொன்னார். அப்பதில் சில வேளைகளில் குறும்பாகவும் இருந்தது. 1985இல் பிளாரிடா மாநிலத்துச் சிறு திடல் ஒன்றில், நடுவரின் தீர்ப்பு பிடிக்காத வில்பர் ஸ்னாப் என்ற முதியவர், மூன்று குருட்டு எலிகளைப் பற்றிய குழந்தைப் பாட்டை ஆர்கனில் வாசித்தார். பொருள் புரிந்துகொண்ட நடுவர் அவரையே திடலை விட்டு வெளியேற்றினார்! ஆட்டக்காரரை வெளியேற்றுவது உண்டு. இசைக்கலைஞரை வெளியேற்றியது அரிய நிகழ்ச்சியாகையால் அவர் புகழ் நாடெங்கும் பரவியது.

இசைத்தட்டின் ஆட்சி

1977ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். சிகாகோவின் வெள்ளைக் காலுறை அணிக்கு ஆர்கன் வாசித்துவந்த நான்சி பாஸ்ட், 1969இல் வெளியாகி மக்கள் மறந்திருந்த பாட்டொன்றை, எதிரணிப் பந்துவீச்சாளர் களத்தை விட்டு அகற்றப்படும்போது வாசித்தார். திரண்டிருந்த மக்கள் அனைவரும் அதைச் சேர்ந்து பாடினர். தோற்றவரை வழியனுப்பும் பாட்டாக அது அமெரிக்கா முழுவதும் பரவி, இன்றுவரை ஓயவில்லை.

அதே ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் ஸ்டாபோர்டு நகரில் குயீன் இசைக்குழுவின் நிகழ்ச்சி முடிந்தது. கலைஞர்கள் மேடையை விட்டு இறங்கிய பின்னரும் மக்கள் கலையாமல், கால்பந்துத் திடலில் பாடும் பாட்டொன்றைத் தாமே பாடி நின்றனர். அதைக் கேட்டு நெகிழ்ந்த கிடார் கலைஞர் பிரையன் மே, நெருக்கி நிற்கும் கூட்டம் என்ன செய்ய இயலும் என்று எண்ணிப் பார்த்தார். காலால் தரையைத் தட்டலாம், கையைக் கொட்டலாம், பாடலாம். இருமுறை தட்டி ஒருமுறை கொட்டும் அந்த எளிய தாளத்தில் ஒரு பாட்டைப் புனைந்தார். வெற்றியாளரைப் போற்றும் மற்றொரு பாட்டை அக்குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி இயற்றினார். சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நம் நாட்டின் பஞ்சகனிப் பள்ளியில் படித்தவர் இவர். மக்கள் பாடியதிலிருந்து பிறந்த இவ்விரு பாடல்களும், உலகின் அரங்குகளில் மிக அதிகமாக ஒலித்துத் தேய்ந்த பாடல்களாயின. அரங்கின் குரல் இசைத்தட்டாகி, அதே அரங்குக்கு விற்கப்பட்டது எனலாம்.

அதன் பின் ஆர்கன் கலைஞர்களின் இருக்கைகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. ஒலிபெருக்கிக் கருவிகளின் ஆற்றல் பெருகியது. தொலைக்காட்சி விளம்பரங்களுக்காக ஆட்டத்தில் இடைவேளைகள் மிகுந்தன. அவற்றை நிரப்ப ஏதேனும் வேண்டியிருந்தது. 1990களில் விளையாட்டரங்குப் பாடல்கள் என்றே தொகுப்புகள் வெளிவந்து பெரும் எண்ணிக்கையில் விற்றன.

ஒரே பாட்டு ஏன் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது என்பதற்கு எளிய காரணங்கள் உள்ளன. முதலாவது, இடைவேளை குறுகியது. மூன்று விநாடிக்குள் அனைவரும் அடையாளம் காணும் பாட்டு வேண்டும். புதிய பாட்டு அதற்குள் பிடிபடாது. இரண்டாவது, பாட்டனும் பேரனும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பர். இருவருக்கும் தெரிந்த பாட்டு மிகச் சிலவே. மூன்றாவது, அரங்குகள் பாடலுரிமைச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் மொத்தமாகவே உரிமக் கட்டணம் செலுத்துகின்றன. ஒரு பாட்டை ஒருமுறை ஒலித்தாலும் நூறுமுறை ஒலித்தாலும் செலவு கூடுவதில்லை. பழக்கமும் சோம்பலும் சிக்கனமும் ஒன்றுசேர்ந்த இடத்தில் புதுமைக்கு இடமேது?

ஒரு பாட்டின் பழி

எண்ணாமல் ஒலிப்பதன் கேட்டை ஒரு பாட்டு நன்கு உணர்த்திற்று. 1972இல் கேரி கிளிட்டர் என்ற ஆங்கிலேயப் பாடகர் வெளியிட்ட பாட்டில் சொற்களே அரிது. முரசொலியும் ஓர் அதட்டல் ஒலியுமே அதில் உண்டு. 1970களில் அமெரிக்க ஐஸ் ஹாக்கி அரங்குகளில் புகுந்து, பின்னர் எல்லா விளையாட்டுகளுக்கும் பரவி, ஒவ்வொரு வெற்றிப் புள்ளிக்கும் முழங்கியது. 1999இல் அப்பாடகர் சிறார் தொடர்பான குற்றத்துக்காக இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டார். 2006இல் வியட்நாமில் சிறுமியருக்கு இழைத்த கொடுமைக்காகச் சிறை சென்றார். 2015இல் லண்டன் நீதிமன்றம் பழைய குற்றங்களுக்காக 16 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

முதல் தண்டனைக்குப் பின்னும் பாட்டு நிற்கவில்லை. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த பெற்றோர், குழந்தைகளுக்குத் தீங்கிழைத்தவன் பாட்டுக்கே கைதட்டிக்கொண்டிருந்தனர். 2006இல்தான் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் அணிகளை அப்பாட்டை விட்டுவிடக் கேட்டுக்கொண்டது. சில அணிகள் வேறொருவர் வாசித்த வடிவத்தைச் சில காலம் பயன்படுத்தின. பிறகு அதுவும் நின்றது. கைதட்டிய மக்கள் மீது குற்றமில்லை. அது யாருடைய பாட்டென்று அவர்களுள் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமை, பொத்தானை அழுத்துவோருக்கு இருந்தது.

மக்கள் எடுத்துக்கொண்ட பாடல்கள்

ஒலிபெருக்கி திணித்த பாட்டுகளுக்கு மாறாக, மக்கள் தாமே விரும்பி எடுத்துக்கொண்ட பாட்டுகளும் உள்ளன. 2003 அக்டோபர் 22 அன்று பெல்ஜியத்தின் புரூஜ் நகர அணி, மிலான் அணியோடு மோத இத்தாலிக்குச் சென்றது. அவ்வணியின் ஆதரவாளர்கள் ஆட்டத்துக்கு முன் ஒரு மதுக்கடையில் கூடியிருந்தபோது, அவ்வாண்டு வெளியான 'செவன் நேஷன் ஆர்மி' என்னும் பாட்டு ஒலித்தது. அதன் ஏழு சுரங்களைச் சொல்லின்றி முழங்கிக்கொண்டே அவர்கள் திடலுக்குச் சென்றனர். பலம் வாய்ந்த மிலான் அணியை அன்று புரூஜ் 1-0 என்று வென்றது. வெற்றியோடு மெட்டும் ஊர் திரும்பியது. 2006 பிப்ரவரியில் புரூஜுக்கு ஆட வந்த ரோமாபுரி அணியின் ஆதரவாளர்கள் அதைக் கற்றுக்கொண்டு சென்றனர். அவ்வாண்டு கோடையில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது நாடே அம்மெட்டை முழங்கிற்று. சிறுவயதில் 'சால்வேஷன் ஆர்மி' என்பதைத் தவறாகக் கேட்டதால் ஜாக் ஒயிட் என்ற கலைஞருக்குக் கிடைத்த தலைப்பு அது. தம் மெட்டு இயற்றியவர் பெயரறியாத நாட்டுப்புறப் பாட்டுப் போலாகிவிட்டதில் அவர் மகிழ்ச்சியே தெரிவித்தார். ஆனால் பின்னர் அரங்க நிர்வாகிகள் அதையும் ஒலிபெருக்கியில் ஏற்றினர். கோல் விழும்தோறும் அது தானே ஒலிக்கத் தொடங்கியதும், மக்கள் முழங்க வேண்டிய தேவை குறைந்தது.

லிவர்பூல் நகரத்துப் பாட்டு இன்னும் ஆழமானது. 1945இல் ஒரு நியூயார்க் இசை நாடகத்துக்காக எழுதப்பட்டது அது. துன்பத்தில் நீ தனித்து நடப்பதில்லை என்பது அதன் கருத்து. 1963இல் அவ்வூர்க் குழுவொன்று அதைப் பாடி வெளியிட்டது. அந்நாளில் ஆன்பீல்டு திடலில் ஆட்டத்துக்கு முன் புகழ்பெற்ற பாட்டுகளை ஒலிபரப்புவர். மக்களும் உடன் பாடுவர். மற்றப் பாட்டுகள் வந்து போயின; இதனை மட்டும் மக்கள் விடவில்லை. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ திடலில் ஏற்பட்ட நெரிசலில் அவ்வணியின் ஆதரவாளர் 97 பேர் உயிரிழக்க நேர்ந்தது. இறந்தோர் மீதே பழி சுமத்தப்பட்டது. அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்ற தீர்ப்பைப் பெறக் குடும்பங்கள் 2016 வரை போராடின. அந்த 27 ஆண்டுகளிலும் அத்திடலில் அப்பாட்டுப் பாடப்பட்டது. அதுவும் ஆயிரக்கணக்கான முறை ஒலித்த பாட்டுத்தான். எனினும் அது தேயவில்லை. மக்கள் அதில் தம் துயரை வைத்திருந்தனர்; வாயால் பாடினர்; காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இசையை அடக்கியதும் இசை நின்றதும்

மக்கள் இசையை அடக்கினால் என்னாகும் என்பதை 2007இல் மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் காட்டியது. முரசும் சங்கும் எக்காளமும் தீவுகளின் கிரிக்கெட்டோடு பிறந்தவை. முன்னனுமதியின்றிக் கருவிகளைக் கொண்டுவரலாகாது என்ற விதியும், உயர்ந்த கட்டணமும் சேர்ந்து அரங்குகளைக் களையிழக்கச் செய்தன. பலத்த கண்டனத்துக்குப் பின்னரே கெடுபிடி தளர்ந்தது.

மறுபுறம், ஒலிபெருக்கியை நிறுத்திப் பார்த்ததும் உண்டு. 2017 மார்ச் 5 அன்று நியூயார்க்கின் கூடைப்பந்து அணி, ஆட்டத்தின் முற்பாதியை இசையும் ஒளிக்காட்சியும் இன்றி நடத்தியது. காலணிகள் தரையில் உரசும் ஓசையும் ஆட்டக்காரர் ஒருவரையொருவர் அழைக்கும் குரலும் கேட்டன. சிலர் இதனை வரவேற்றனர். ஆனால் எதிரணி ஆட்டக்காரர் டிரேமாண்ட் கிரீன் இதைப் பெரும் அவமதிப்பு என்றே கடிந்தார். இரைச்சலில் வளர்ந்த தலைமுறைக்கு அமைதி அந்நியமாகிவிட்டது.

2020இல் கொரோனாப் பெருந்தொற்று அரங்குகளைக் காலியாக்கியது. துபை, அபூதாபி, ஷார்ஜா நகரங்களில் நடந்த இந்தியன் பிரீமியர் லீக் ஆட்டங்களில் ஆளில்லா இருக்கைகளுக்கு நடுவே பதிவு செய்யப்பட்ட ஆரவாரம் ஒலித்தது. இங்கிலாந்துக் கால்பந்து ஒளிபரப்புகளில் கணினி விளையாட்டொன்றிலிருந்து பெற்ற கூட்டத்தின் குரல் சேர்க்கப்பட்டது. பாட்டை எந்திரத்திடம் கொடுத்தோம். இறுதியில் கைதட்டலையும் கொடுத்தோம்.

எனினும், அமைதிக்கு உரிய மதிப்பு முற்றும் அழிந்துவிடவில்லை. 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் ஹைதராபாத்தில் நடந்த பிரீமியர் லீக் ஆட்டத்தில் பாட்டு இல்லை, ஆட்டமங்கையர் இல்லை, வாணவேடிக்கை இல்லை. ஆட்டக்காரர் கறுப்புப் பட்டி அணிந்து ஆடினர். துயர நாளில் அந்த இரைச்சல் பொருந்தாது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாம் கருத வேண்டியது

இதில் உடல்நலமும் அடங்கியுள்ளது. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறைகிறது. அக்கணக்கின்படி 100 டெசிபலுக்குக் கால் மணி நேரமே எல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2022இல் இசை ஒலிக்கும் அரங்குகளுக்கென ஒலி வரம்பு வகுத்துள்ளது. குழந்தைகளை ஆட்டத்துக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்கள், ஒலிபெருக்கிக்கு எட்ட அமர்வதும் சிறார் காதுகளுக்கு உறையிடுவதும் நன்று.

அதனினும் முக்கியமானது மற்றொன்று. ஒரு பாட்டுத் தேய்வது அது பலமுறை ஒலிப்பதால் மட்டுமன்று. யாருக்கும் அதில் பங்கில்லாமல் ஒலிப்பதால் தேய்கிறது. திடலில் கூடுவோர் விலை கொடுத்து வந்த காதுகள் மட்டுமல்லர். அவர்களுக்கு வாயும் உண்டு, கையும் உண்டு, நினைவும் உண்டு. ஆட்டத்தின் இடைவேளைகளில் சிலவற்றையேனும் ஒலிபெருக்கி அவர்களுக்கு விட்டுக்கொடுக்கட்டும். அவர்கள் பாடுவார்கள், அல்லது பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டும் நல்லவையே.